வாயில் வைக்காமல் சுஷி சுருட்டிய கன்னியம்மா அக்கா

செய்தி வந்தபோது நான் ஒரகடம் கூட்ரோட்டில் நாற்பது கன்டெய்னர் லாரிகளை ஒரே மூச்சில் முந்திக்கொண்டிருந்தேன். சரி, நாலு லாரி. போனில் கன்னியம்மா அக்காவின் மகன் வேலு. “மாமா, அம்மா போயிட்டாங்க” என்றான். வண்டியை ஓரம் கட்டினேன். பின்சீட்டில் இருந்த ஆபீசர் என்ன ஆச்சு என்று கேட்டார். “டயர்ல காத்து கம்மி சார்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மண்ணூர் கன்னியம்மா அக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன். அதற்குமேல் என்னைத் தாங்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பில்லை. ஆனாலும் ஜப்பான்காரர்களுக்கு எட்டு வருஷம் கார் ஓட்டினேன். அவர்கள் தங்கிய கெஸ்ட் ஹவுஸில் அக்கா சமையல். இந்த வட்டாரத்தில் சுஷியை முதலில் தின்ற தமிழன் நான்தான் என்று டீக்கடையில் நான் சொல்லிக் கேட்காதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

அங்கே தங்கியிருந்த ஜப்பான் ஆபீசர் கிமுரா சார் முதல் நாள் பச்சை மீனைக் கொடுத்து, இதைச் சோற்றின் மேல் வைத்துக் கொடு என்று படம் போட்டுக் காட்டினார். அக்கா தலையாட்டிவிட்டு, எப்போதும் போல மஞ்சளும் கல்லுப்பும் போட்டு மீனைத் தேய்த்துக் கழுவிவிட்டார். தட்டில் போனது மஞ்சக் காப்பு போட்ட சுஷி. “இன்னாக்கா இது?” என்றேன். “பச்ச மீனை மஞ்சா தடவாம மனுசனுக்குக் குடுக்கறதா? அவரையும் ஒருத்தி பெத்துருப்பா இல்ல?” என்றார். கிமுரா சார் மிச்சம் வைக்காமல் தின்றார். அவர் கண்ணில் ஆறாகத் தண்ணீர் ஓடியது என்று நான் சொல்வது வழக்கம். ஓடவில்லை. மறுநாள் மஞ்சள் டப்பாவை வரைந்து, மேலே பெருக்கல் குறி போட்டு, அடுப்படியில் ஒட்டினார். அவ்வளவுதான்.

அக்கா மீன் தின்ன மாட்டார். வேலு சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்ணில் அடிபட்டது. வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு அன்றைக்கே கவிச்சியை விட்டவர். “என் வாயை முருகனுக்குக் குடுத்துட்டேன். நீ உன் வாயைக் குடு தம்பி” என்பார். மேசைக்குப் போகும் முன் முதல் துண்டு எனக்கு. “எப்படி கீது?” என்று கேட்டுவிட்டு, கையைத் துடைக்காமல் நிற்பார். நானும் டோக்கியோவில் பிறந்தவன் மாதிரி, “சூப்பர்க்கா, புளிப்பு மட்டும் ஒரு சொட்டு கம்மி” என்பேன். அந்த ஒரு சொட்டை நம்பி அடுத்த நாள் சோறு மாறும்.

கிமுரா சார் ஊருக்குத் திரும்பும்போது, கம்பெனி லைனில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தார். தூத்துக்குடிப் பையன் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அண்ணாச்சி, கடக்கரையில பொறந்தவன் நானு. நாங்களே வேகவச்சுல்லா திங்கோம்!” என்றான். ஸ்டோர் கீப்பர் மீனைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, சோற்றுக்கு ஊறுகாய் கேட்டார். செக்கிங்கில் இருந்த செல்வி மட்டும் பேசாமல் ஒன்பது துண்டு தின்றுவிட்டு, “இன்னும் கீதாக்கா?” என்றாள். அக்கா கதவோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மூஞ்சியைப் பார்த்தாலே ருசி தெரியும் என்பார். என் மூஞ்சியை மட்டும் அவர் பார்த்ததில்லை. என் சொல்லே அவருக்குப் போதும்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் ஒரு துண்டுகூட முழுங்கியதில்லை. முதல் நாளே குமட்டியது. ஆனால் தின்றுவிட்டதாக அதற்குள் டீக்கடையில் சொல்லியாகிவிட்டது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காம்பவுண்டுக்குப் பின்னால் போவேன். அங்கே ஒரு செவலை நாய் காத்திருக்கும். இரண்டு வருஷம் அக்காவின் சுஷியைத் தின்றது அந்த நாய்தான்.

மின்வெட்டுக் காலம், ஃப்ரிட்ஜ் பாதி நேரம் ஓடாது. புதிதாக ஒரு ஆபீசர் வந்திருந்தார். அன்று அக்கா இரண்டு தடவை கேட்டார். “மூக்கு வேற மாதிரி சொல்லுது தம்பி. நல்லாப் பாத்துச் சொல்லு.” “சூப்பர்க்கா” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்த் துப்பினேன். நாய் முகர்ந்து பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. தட்டு அப்போதுதான் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. தடுத்தால், இத்தனை நாள் தின்றது யார் என்று சொல்ல வேண்டும்.

ஆபீசர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த வாரமே அக்காவை நிறுத்திவிட்டார்கள். யார் பேச்சை நம்பித் தட்டை அனுப்பினார் என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. கேட்டுக்குப் போகிற வழியில் என் வண்டிப் பக்கம் வந்து, “நீயும் துன்னியே தம்பி, உனுக்கு வயிறு ஒண்ணும் பண்ணலியே?” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “ரெண்டு நாள் படுத்துட்டேங்கா” என்றேன். மறுநாள் மண்ணூரிலிருந்து பஸ் ஏறி, தூக்கில் ரசஞ்சோறு கொண்டுவந்து கொடுத்தார். அதை மட்டும் முழுசாகத் தின்றேன்.

அப்புறம் ஒரு ஹாஸ்டலில் பையன்களுக்குச் சோறு வடித்தார். போன மாசம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பேச்சு போய்விட்டது. சொல்லிவிடுவது என்று சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலைச் சுற்றி ஆட்கள். நான் மஞ்சள் சுஷி கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா பாதி வாயால் சிரித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

சாவு வீட்டில் ஒருவர், “மீனைக் குடுத்து ஜப்பான்காரனைப் படுக்க வச்சுதே, அந்தம்மாதான?” என்று கேட்டார். அவருக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் இது. தப்பு அக்காவின் கையில் இல்லை. என் வாயில்.

காரியம் முடிந்த மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிற ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குத் தனியாகப் போனேன். ஒரு துண்டை வாயில் வைத்து, மென்று, முழுங்கினேன். குமட்டவில்லை. சோறு லேசான புளிப்பு, மீன் ஜில்லென்று வழுக்கியது. “எப்படி கீது?” என்ற அந்தக் குரல்தான் இனி என்னிடம் மிச்சம். நல்லா கீதுக்கா. இந்தக் கடையுது நல்லா கீது. உன்னுது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.