பாதி திறந்த வால்வு

மேட்டுத் தொட்டி வரைக்கும் குழாய் மாவட்டத்துடையது. தொட்டியிலிருந்து வீடுகளுக்குப் போவது நகராட்சியுடையது. நகராட்சியின் வால்வுக்காரர் தொட்டியடியில் சக்கரத்தைத் திருகி, தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வழியைத் திறந்துவிட்டு, மாவட்டத்தின் மோட்டார்காரருக்குப் போன் செய்து "திறந்தாச்சு" என்பார். அவர் மோட்டாரைப் போடுவார். வால்வு மூடியிருக்கும்போது மோட்டார் ஓடினால் குழாய் வெடிக்கும். இதற்கு மேல் அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

போனிலேயே பழகிப் பழகி, வால்வுக்காரர் தன் ஒரே மகளை மோட்டார்காரரின் மகனுக்குக் கொடுத்தார். இரண்டு அலுவலகங்களும் எலியும் பூனையுமாக இருந்தபோதும் சம்பந்திகள் நகமும் சதையுமாக இருந்தார்கள்.

சக்கரமோ துருப்பிடித்த கிழம். முழுக்கத் திருகுவதற்குள் மூச்சு வாங்கும். மோட்டார்காரர் போனை வைத்துவிட்டு அடுத்த அறைக்கு நடந்து போய்த்தானே சுவிட்சைப் போட வேண்டும்? அதனால் வால்வுக்காரர் பாதி திருகும்போதே சொல்லிவிடுவார். அவர் நடக்கிற நேரத்தில் இவர் மீதியைத் திருகிக்கொள்வார். பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் ஆனது. கடைத்தெரு நடுவில் குழாய் வெடித்து, துணிக்கடைக்குள் மூட்டை மூட்டையாகச் சரக்கு மிதந்தது.

"திறக்காமலே சொன்னீங்க" என்றார் ஒருவர். "சொல்றதுக்கு முன்னாடியே போட்டீங்க" என்றார் மற்றவர். சம்பந்தி வீட்டு வாசலிலேயே வார்த்தை தடித்தது. "இவர் மன்னிப்புக் கேக்குற வரைக்கும் என் பொண்ணு இந்த வீட்ல இருக்க மாட்டா" என்று வால்வுக்காரர் மகளைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். நல்ல மனுஷர்தான், கோபம் வந்தால் கண்மண் தெரியாது. மகள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

அலுவலகங்கள் மட்டும் சமர்த்தாகச் சமாதானம் ஆகிவிட்டன. ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்றைப் போட்டார்கள், தேநீர் குடித்தார்கள், கூட்டு ஆய்வு என்று வால்வுக்காரரையும் மோட்டார் அறைக்கு அழைத்துப் போனார்கள். சம்பந்தம் பேச வந்ததற்குப் பிறகு அவர் இப்போதுதான் அங்கே நுழைகிறார். சுவிட்ச் பலகை, போன் இருக்கும் மேசைக்கு மேலேயே சுவரில் இருந்தது.

"இது எப்ப இங்க வந்துச்சு?"

"வெடிக்கிறதுக்கு முந்தின நாள்தான் மாத்தினாங்க. நம்ம பக்கத்து வேலைதானே, நகராட்சிக்கு எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டாங்க. எனக்கும் தோணல."

"நான் பாதியிலயேதான் சம்பந்தி போன் பண்ணுவேன்."

"அடப்பாவி மனுஷா!"

"என்ன விஷயம்?" என்று அதிகாரி திரும்பினார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார்கள் இருவரும்.

வால்வுக்காரர் வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு வந்தார். "எல்லாம் சரியாப் போச்சும்மா. யார் மேலயும் தப்பில்ல. நாங்க பேசி முடிச்சுட்டோம், நாளைக்கே உன்னைக் கொண்டுபோய் விடுறேன்."

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"குழாய் வெடிச்சதும் கூட்டிட்டு வந்தீங்க. ஒட்டினதும் கொண்டுபோய் விடுறீங்க. நடுவுல ஒரு தடவையாவது, உனக்கு என்னம்மா வேணும்னு கேட்டீங்களாப்பா?"

வால்வுக்காரருக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தார். கேட்டதாக ஞாபகமே இல்லை.

"கேக்கலம்மா."

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அவள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, இப்பக் கேளுங்க."