கிணற்றில் வழித்த டீசல்

டீசல் வாசனை பிடிக்கும் என்று சொல்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. அந்த வாசனையோடு நான் சோறு தின்றிருக்கிறேன்.

கராச்சர்மா என்கிற தீவு ஊரில் எங்கள் வீடு சரிவில் இருந்தது. மேட்டில், வேலிக்கு அந்தப் பக்கம், சர்க்கார் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்ஷாப். அங்கே மண்ணுக்கடியில் ஒரு டீசல் டேங்க் புதைத்திருந்தார்கள். அதற்கு என் வீட்டுக்காரர்தான் பொறுப்பு. வண்டிகளுக்கு டீசல் அடித்துவிடுவார். காலையும் மாலையும் டேங்குக்குள் அளவுகோலை இறக்கி, இருப்பு எவ்வளவு என்று சொல்வார். வீட்டுக் கிணற்றை, ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த வருஷமே நாங்கள் இருவருமாக வெட்டினோம். இந்தத் தீவில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

முதலில் சோற்றில் நாறியது. பிறகு வாளித் தண்ணீரில் வர்ணம் வர்ணமாக மிதந்தது. மலேரியாக்காரர்கள் கொசுவுக்கு எண்ணெய் ஊற்றியிருப்பார்கள் என்றார்கள் அக்கம்பக்கத்தில். அவர்கள் எங்கள் வாசல் பக்கமே வந்ததில்லை. என் வீட்டுக்காரர் தினமும் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்குவார். எடுத்துத் திண்டில் வைத்துத் தெளியவிட்டால், கீழே தண்ணீர், மேலே டீசல். மழை விட்டுத் தண்ணீர் இறங்க இறங்க மேலே நின்றது தடித்துக்கொண்டே வந்தது.

"டேங்க் ஒழுகுது புள்ள. அங்க கொறையிறதுதான் இங்க வருது."

"அப்பப் போயிச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது?"

சொன்னார். ஒர்க்ஷாப் அதிகாரியான பெரிய சாப், "தேக்லேங்கே" என்றாராம். பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கமாட்டேன் என்று அர்த்தம். டேங்கைத் தோண்டினால் மெயின்லேண்டிலிருந்து புது டேங்க் வரவழைக்க வேண்டும். அந்த மனுஷனுக்கோ வருகிற கப்பலைப் பற்றிக் கவலையே கிடையாது, தன்னை ஏற்றிக்கொண்டு திரும்பிப்போகும் கப்பல் எப்போது என்பதே நினைப்பு.

குடிக்கவும் சமைக்கவும் நாலா என்கிற ஓடையில் இறங்கித் தண்ணீர் சுமந்தேன். துணி துவைக்க மட்டும் கிணறு. அதற்கும் முதலில் பழைய துணியைப் போட்டு மேலே நிற்பதை ஒற்றியெடுக்க வேண்டும். அதைப் பிழிந்து ஒரு டப்பாவில் சேர்த்து அடுப்படியில் வைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் ஈர விறகு லேசில் பிடிக்காது, மண்ணெண்ணெயோ கப்பல் வந்தால்தான். கப்பலில் வரவேண்டிய எதையும் இங்கே யாரும் கீழே கொட்டமாட்டார்கள். நானும் கொட்டவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது.

ஒருநாள் ஆபீசில் கண் விழித்துக்கொண்டார்கள். வண்டிகள் ஓடாமல் நிற்கும் நாளிலும் டீசல் குறைகிறதே, எவன் திருடுகிறான்? பொறுப்பில் இருந்தவர் இவர், ஆகவே இவர். அவர் பயப்படவே இல்லை. "வீட்டுக்கு வந்து கெணத்தப் பாருங்க சாப்" என்று கூப்பிட்டாராம்.

பெரிய சாப் இரண்டு பேரோடு வந்தார். நான் முற்றம் பெருக்கி, டீ போட்டு வைத்திருந்தேன். பெரிய சாப் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்த்தார். இவர் பாட்டிலை இறக்கி எடுத்துக் காட்டினார். சாப் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன். மனசுக்குள் குலசாமியைக் கும்பிட்டுவிட்டேன். அப்போது கூட வந்தவர்களில் ஒருவன் அடுப்படிக்குள் எட்டிப்பார்த்து, டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கர் மே டீசல்?" என்றார் சாப். வீட்டுக்குள்ளேயே டீசலா?

"குவா கா ஹை சாப். ஹம் நிகாலா." கிணற்றிலிருந்து நான் எடுத்தது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கத்தினேன். மூன்று பேரும் சிரித்தார்கள். டீயைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு கிணறும் எங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. திருடிய டீசலைக் கிணற்றுக்குள் ஒளித்தானாம், அது கொட்டிவிட்டதாம். அவருக்கு வேலை போயிற்று. சில நாளில் ஒர்க்ஷாப் லாரியே வந்து கல்லும் மண்ணும் கொட்டிக் கிணற்றைத் தூர்த்தது. அந்த லாரிக்கும் அதே டேங்க் டீசல்தான். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

அவர் வண்டூர்ப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் மரம் ஏற்றப் போனார். "என்ன அண்ணாச்சி, எண்ணெய்க் கெணறு எப்படியிருக்கு?" என்று கடைத்தெருவில் கேட்பார்கள்.

ஒரு மழைக்காலம் கழிந்து, அவர் இடத்துக்கு வந்திருந்த பெங்காலி தன் பெண்டாட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். டேங்கில் இன்னும் குறைகிறதாம். இப்போது அவன்தான் திருடனாம்.

"பாபி, குவா திகாவோ," என்று கையெடுத்துக் கும்பிட்டான். அண்ணி, கிணற்றைக் காட்டுங்கள் என்கிறான்.

புல்கூட முளைக்காத அந்த மண்மேட்டைக் காட்டினேன். அவன் பெண்டாட்டி அழத் தொடங்கினாள். என் வீட்டுக்காரர் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, மேட்டை ஒட்டி ஓரிடத்தில் ஓங்கிக் குத்தி நிறுத்தினார்.

அவனை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன்: தோண்டு பய்யா, டீசல் வரும். ஆனால் ஒரு சொட்டுகூட டப்பாவில் பிடிக்காதே.