லிங்கம் சுட்ட துப்பாக்கியும் சொல்லாத சொல்லும்

தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது லிங்கத்தின் மகள் அழைத்தாள். “அங்கிள், அப்பா போயிட்டாங்க. காலையில எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல.” மீனை வாங்காமலேயே வெளியே வந்துவிட்டேன். சிராங்கூன் சாலையில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இத்தனை பேர் நடமாடுகிறார்கள், இந்த மனிதருக்கு மட்டும் என்ன அவசரம் என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. அழுகை பேருந்தில் ஏறிய பிறகு வந்தது.

செம்பவாங் கப்பல் பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? அவர் வாய் நம் எல்லாருக்கும் தெரியும். மேலாளரையே, “கொஞ்சம் கீழ எறங்கி வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க லா” என்று சொன்னவர். அப்பேர்ப்பட்ட வாய்க்காரருக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் வாயில் வரவில்லை. அதை எழுதாமல் எனக்கு மனம் ஆறாது.

அவருடைய தம்பி சேகர் அமெரிக்காவில் டெக்சஸில் இருக்கிறான். அம்மா இறந்த அன்று, “இருந்தப்ப பாக்க வராதவன் இப்ப எதுக்கு? வராத!” என்று லிங்கம் தொலைபேசியில் கத்திவிட்டார். சேகர் வரவில்லை. அதன்பின் தீபாவளி வாழ்த்தோடு சரி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் அது அவரை அரிக்க ஆரம்பித்தது. போன வருடம் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினார். விமானத்தில் ஒத்திகையே பார்த்தார்: “சேகரு, அம்மா சாவுக்கு உன்ன வரவேணாம்னு சொன்னது என் தப்புடா. மன்னிச்சுக்க.” சொல்லிவிட்டு, “நல்லா இருக்கா மணி?” என்று கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம், அவன்கிட்ட சொல்லுங்க” என்றேன்.

போய் இறங்கிய மறுநாளே சேகர் எங்களை ஒரு துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப் போனான். சிங்கப்பூர்க்காரன் தேசிய சேவைப் பட்டாளத்தில் தொட்ட துப்பாக்கியை அதோடு மறந்துவிட வேண்டியதுதான். அங்கேயோ கண்ணாடிப் பெட்டிக்குள் பலகாரம் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். லிங்கம் நேரே புதுப் பிஸ்டல்களிடம் போனார். சேகர் அவரை வேறு மூலைக்கு இழுத்தான். “அண்ணே, இதப் பாருங்க.” அந்தக் காலத்து ரிவால்வரை அச்சு அசலாகப் புதிதாகச் செய்த நகல் அது. அதற்குத் தோட்டா கிடையாது. சுழலும் உருளையில் உள்ள ஒவ்வொரு அறையிலும் நாமே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் அழுத்தி, பின்பக்கம் தீப்பொறி தரும் ஒரு சின்னச் செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். “இதுல நாம சுடறதுக்குள்ள எதிரி கொப்பி குடிச்சிட்டு வீட்டுக்கே போயிடுவான் லா” என்றார் லிங்கம். ஆனாலும் தம்பி ஆசைப்பட்டான் என்று அதையே வாங்கவைத்தார்.

குண்டின் மேல் கொழுப்பு பூசாவிட்டால் ஒரு அறையின் தீ மற்ற அறைகளுக்கும் தாவிவிடும் என்று கடைக்காரர் ஒரு டப்பா கொடுத்தார். அதில் மாட்டுக் கொழுப்பு. லிங்கம் கையை உதறிக்கொண்டார். “ஐயையோ, நான் தொடமாட்டேன்பா!” அன்று மாலை சேகர் தேன்மெழுகை உருக்கி நல்லெண்ணெயில் கலந்தான். வீடு முழுக்க எண்ணெய் வாசனை. “துப்பாக்கிக்கே எண்ணெய்க் குளியலாண்ணே?” என்று அவன் கேட்க, இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இதுதான் சமயம், சொல்லிவிடுவார் என்று நான் நைசாக வெளியே நழுவினேன். திரும்பி வந்தபோது மெழுகு போதுமா போதாதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சுடுதளம். லிங்கம் சுட்டதும் எழுந்த வெள்ளைப் புகையில் எதிரே இருந்த அட்டையே தெரியவில்லை. பட்டாசு வெடித்த மாதிரி கந்தக நெடி. “பட்டுச்சாடா?” “மொதல்ல பொக போகட்டும்ணே.” தேசிய சேவையில் குறி தப்பாதவன் என்று நம்மிடம் அளந்தாரே, அவர் சுட்டதில் ஒன்றுகூட அட்டையில் படவில்லை. மறுபடியும் ஒவ்வொரு அறையாக நிரப்பினார்கள். “தொப்பியக் குடு.” “மெதுவா அழுத்துங்கண்ணே.” தோளோடு தோள் உரச நின்று பொழுது சாயும்வரை இதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லித் தொலையுங்களேன் ஐயா!

துப்பாக்கியை இந்த ஊருக்குள் கொண்டுவர முடியாது. சேகர் வீட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினோம். விமானத்தில், “சொன்னீங்களா இல்லையா?” என்று கேட்டேன். “அவ்ளோ சந்தோஷமா இருந்தான்டா. அதப் போய்க் கெடுக்கறதா? அடுத்த வருஷம் போவோம்ல, அப்ப சொல்லிடறேன்.” திட்டிப் பார்த்தேன். கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி நடித்தார்.

இந்த முறை சேகரிடம் யாரும் வராதே என்று சொல்லவில்லை. அண்ணனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். மண்டாய் தகனச்சாலைக்குப் போய் எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு, லிங்கத்தின் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சேகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மணிண்ணே, அந்தக் கடையில எத்தனையோ நல்ல பிஸ்டல் இருந்துச்சு. அரை மணி நேரத்துல சுட்டு முடிச்சிருக்கலாம். நான்தான் வேணும்னே இதக் காட்டினேன். இதுக்கு மருந்து போடவே நாள் பூரா ஆகும். அவ்ளோ நேரம் பக்கத்துல நின்னா அண்ணன் அம்மாவப் பத்தி ஏதாவது பேசுவாருன்னு பாத்தேன். பேசல. சரி, கோவம் இன்னும் போகலன்னு விட்டுட்டேன்.”

போகும்போது விமானத்தில் லிங்கம் ஒத்திகை பார்த்ததை, அவர் சொன்னபடியே, ‘சேகரு’ என்பதிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அவன் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். “இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே” என்றான். சொன்னேன்.

நண்பர்களே, லிங்கத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அதைக் கேட்டு நிமிர்ந்தபோது நான் பார்த்த சேகரின் முகம். அதைப் பார்த்திருக்க வேண்டியவர் அவர்.