டோர்ச்சில் மின்னிய நட்டுவக்காலி

ஏசி வேலையில் நான்தான் கெட்டிக்காரன் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம். சுனாமி முடிந்து மூச்சு விடுவதற்குள் சண்டை மூண்டு, வாவிக்கு மேற்கே இருந்த படுவான்கரைச் சனம் அதைக் கடந்து வந்து செங்கலடிப் பக்கம் முகாமில் கிடந்தது. கூடாரங்களும் சுனாமிக்குக் கொடுத்து மிஞ்சியவைதான்.

ஒரு மழை நாள், பொழுதுபடும் நேரம். முகாமில் நின்ற அம்புலன்ஸின் ஏசியில் கேஸ் லீக். பைப்புக்குள் டை என்கிற சாயத்தை ஏற்றி, புற ஊதா வெளிச்சம் தரும் யூ.வி. டோர்ச் அடித்தால், ஒழுகும் இடம் பச்சையாக மின்னும். அதைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கூடாரத்தில் ஒரே கத்தல். ஓடினேன். பேர்கூட வைக்காத பச்சைப் பிள்ளையோடு பழுகாமத்துப் பெண் ஒருத்தி நின்றாள்.

"நட்டுவக்காலி அண்ணன்! மத்தியானம் இதுக்க பூந்தது. பிள்ளையக் கிடத்த ஏலாம அப்பயிருந்து நிக்கிறன். இப்ப இருட்டுது, எங்க கிடக்குதெண்டும் தெரியல்ல."

நட்டுவக்காலி என்றால் உள்ளங்கை நீளத்துக் கருந்தேள். பொந்துக்குள் மழைத்தண்ணீர் போனால் காய்ந்த இடம் தேடி வந்துவிடும். என் கையில் இருந்தது அந்த டோர்ச் மட்டும்தான். சும்மா அடித்துப் பார்த்தேன்.

கடவுளே! அரிசிப் பையடியில் கிடந்தது. கன்னங்கரேலென்று இருக்க வேண்டியது, நீலமும் பச்சையுமாகக் கொடுக்கு நுனிவரை மின்னியது. ஒரு உயிர் இப்படி மின்னும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முதுகில் மட்டும் மங்கலாக ஒரு திட்டு. சேறு என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி ஓங்கினேன்.

"அடிச்சிராதீங்க அண்ணன்! முதுகப் பாருங்க, அசையுது. குஞ்சுகள்! அடிச்சாச் சிதறிரும். உங்கட லைட்டுக்கும் அதுகள் தெரியாது. மறுகா என்ட பிள்ளைய எங்க வைக்கிற?"

குனிந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. முதல் தோல் கழன்ற பிறகுதான் அவற்றுக்கும் அந்த மினுக்கம் வருமாம். அதுவரை தாயின் முதுகில்தான் வாசம். இதெல்லாம் பிறகு கேட்டறிந்தது. அன்று, ஓங்கிய செருப்பைக் கீழே போட்டேன்.

அங்கே கிடந்த வெறும் பால்மாத் தகரப் பேணியை அதன்மேல் மெல்லக் கவிழ்த்து, அடியில் காட்போட் மட்டையைச் செருகி எடுத்தேன். "ஒண்டும் விழல்லயே? ஒண்டும் விழல்லயே?" என்று கேட்டபடியே அவள் பின்னால் வந்தாள். வேலிக்கு அப்பால் மேட்டில் திறந்துவிட்டேன். ஒரு அவசரமும் இல்லாமல், பிள்ளைகளைச் சுமந்தபடி நடந்து போனது. மழையில் நனைந்துகொண்டு பார்த்திருந்தோம்.

திரும்பி வந்து மூலைமுடுக்கெல்லாம் டோர்ச் அடித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. பாயை உதறினாள், கையால் தடவினாள். அதன் பிறகுதான் பிள்ளையைக் கிடத்தினாள்.

ஏசி வேலை பழக வரும் தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன்: டோர்ச்சில் மின்னாத இடத்தையும் ஒருமுறை பாருங்கள். அன்று நான் செருப்பால் அடித்திருந்தால், அந்தப் பெண் விடியும்வரை பிள்ளையோடு நின்றிருப்பாள்.