கழற்றி வைத்த அட்டை

சனிக்கிழமை காலை டீ நேரத்தில் மரியபுஷ்பம் அக்காவின் போன் வந்தது. "தம்பி, அண்ணன் போயிட்டாக." அவ்வளவுதான் சொன்னார். வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் பதினோரு ஆண்டுகள் என் பக்கத்து மேசையில் நின்ற, அக்காவின் கணவர் அருள்ராஜ் அண்ணன் ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டார். அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமைதியாக எழுத வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மூட்டை மூட்டையாகக் கிடந்த கட்டிங் வேஸ்ட் துணியைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கும் எனக்கும் பழைய பழக்கம் தம்பி" என்றார். ராமநாதபுரத்துக்காரர். இளவயதில் வெளிமாநிலத்து அணுமின் நிலையம் ஒன்றுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போயிருக்கிறார். ஒருநாள் குழாய் வெடித்து உலைத் தண்ணீர் கொட்டியது. படித்த பெரிய மனிதர்கள் எல்லாரும் வெளியே நின்றுகொண்டு, இவரைப் போன்ற கூலிக்காரர்களை உள்ளே அனுப்பிப் பனியன் துணியால் துடைத்துப் பிழியச் சொன்னார்கள். வாளியும் துணியும்! அணு உலை விபத்துக்கு அதுதான் ஏற்பாடு. தூ, வெட்கமாக இல்லை?

உள்ளே போகிறவர்கள் சட்டையில் ஓர் அட்டை குத்திக்கொள்ள வேண்டும். அதில் கதிர்வீச்சு அளவு மீறினால் அன்றோடு வேலை கிடையாது. அதனால் கூலிக்காரர்கள் அதைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். மேஸ்திரிக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அண்ணனும் அன்று கழற்றித்தான் வைத்தார்.

அங்கே அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் கடைசிவரை போனில் பேசுவார். அந்த ஊர்க் கிணறுகளுக்குக் கான்கிரீட் மூடி போட்டுவிட்டார்களாம். அந்த ஊர்ப் பெண் என்றாலே மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குகிறார்களாம். "தண்ணி பளிச்சுன்னு இருக்காம் தம்பி. குடிக்கத்தான் கூடாதாம்" என்பார்.

நோய் வந்தபின் நிலையத்துக்கு நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். அட்டைப் பதிவின்படி அண்ணனுக்குக் கதிர்வீச்சுப் பாதிப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. "இவனுகளச் சும்மா விடக் கூடாதுங்கண்ணா!" என்று கத்தினேன். அவரோ, "அதை மாட்டியிருந்தா இந்தச் சீக்கு வந்திருக்காது. நாங்கதானே தம்பி கழட்டி வச்சோம்?" என்றார். மூன்று முறை மனுப் போட்டோம். மூன்று முறையும் அதே பதில். அவரிடமும் அதே பேச்சு. பாழாய்ப்போன அட்டை என்று நானும் நொந்துகொண்டேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அண்ணனை ஸ்கேன் அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றேன். அங்கே வேலை செய்யும் பெண்ணின் சட்டையில் அதே மாதிரி ஓர் அட்டை.

"ஏனுங்க, இது உங்களைக் காப்பாத்துமுங்களா?"

"இல்லீங்க. எவ்வளவு பட்டுச்சுன்னு காட்டும், அவ்வளவுதானுங்க."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அண்ணன் வெளியே வந்ததும் சொல்ல நினைத்தேன். களைத்துப்போயிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். ஷிப்மென்ட் நெருக்கடியில் அந்த ‘நாளை’ வரவே இல்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அக்கா கேட்டார். "தம்பி, அதை மாட்டிக்கிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாகளா?"

"இல்லீங்கக்கா. அது அளக்கத்தான் செய்யும், தடுக்காதுங்க. உள்ள அனுப்பினானுகளே, அவனுகதான் தடுத்திருக்கோணும். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டார். "இதை அவுககிட்ட சொன்னீகளா?"

நான்காவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் போனபின் எனக்கு மிஞ்சியிருப்பது அக்காவின் இந்தக் கேள்விதான்.