தாய்மாமன் சீராக ஒரு ஒன்பது இஞ்ச் செட்டு

தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். நகை, துணிமணிக்கு மேலேயும் ஏதாவது எதிர்பார்ப்பார்கள். மாப்பிள்ளை அப்போதுதான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். “ஒங்கண்ணே அந்தக் காருக்கு டிவி மாதிரி படம் தெரியிற ஒரு நல்ல பாட்டுச் செட்டாச்சும் மாட்டி விடுவாருல்ல” என்று மாமியார் கேட்டதைத் தங்கை போனில் சிரித்தபடி சொன்னாள். செட்டு வராவிட்டால் அந்த வீட்டில் பேச்சு வாங்கப்போவது அவள்தான்.

இன்ன சீர் கொண்டுவருகிறேன், அளவு சொல்லுங்கள் என்று கேட்பது எங்களில் வழக்கமில்லை. கேட்டால் கௌரவக் குறைச்சல். அதனால் கிடா விலை விசாரிக்கிற சாக்கில் தங்கை வாழ்க்கைப்பட்ட சித்தையன்கோட்டைக்குப் போனேன். மாப்பிள்ளை டீ வாங்கப் போன நேரத்தில் காருக்குள் புகுந்து, பழைய ரேடியோவின் முகப்பை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு வேறு.

திண்டுக்கல்லில் கார் செட்டு விற்கிற கடையில் நூலைக் காட்டினேன்.

“எந்த வருசத்து வண்டிண்ணே? முகப்ப வச்சுச் சொல்ல முடியாது. கழட்டி உள்ள பாக்கணும். வண்டியக் கொண்டாங்களேன்” என்றார் கடைக்காரர்.

கொண்டுவந்தால் விஷயம் வெளியே தெரிந்துவிடும். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “இருக்கறதுலயே பெருசாக் குடுங்க” என்றேன்.

விசேஷத்தன்று ஒன்பது இஞ்ச் திரை வைத்த செட்டு பெட்டியோடு தட்டில் ஏறி, மேளத்தோடு கோயிலுக்கு வந்தது. மாமியாருக்கு வாயெல்லாம் பல். “இப்பவே மாட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்” என்றார். மாப்பிள்ளை தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார். கோயில் வாசலில் நின்ற காரைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் கூடினார்கள்.

மெக்கானிக் முகப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இது ஏழு இஞ்சுக்கு உள்ள எடம். ஒம்பது வச்சா ஏசி காத்து வர்ற வாய அடைச்சிரும். இந்த மாடலுக்கு அதப் பொருத்துற அம்புட்டுப் பெரிய ப்ரேமும் வராது.”

“காருக்குச் செட்டு கேட்டா, வீட்டுக்கு டிவி வாங்கியாந்துருக்காரு” என்றார் ஒருவர். சிரிப்பு கிளம்பியது. மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அளவெடுத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் தங்கை முன்னால் வந்துவிட்டாள். “அண்ணே எங்கிட்டக் கேட்டுத்தே வாங்குச்சு. நாந்தே அளவத் தப்பாச் சொல்லிட்டேன்.”

“ஒன்னய நம்பி ஒரு காரியஞ் செய்ய முடியுமா?” என்று மாமியார் அத்தனை பேர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். தங்கை தலையாட்டிக்கொண்டே நின்றாள். நான் உண்மையைச் சொன்னால் அவள் பொய் சொன்னவளாகிவிடுவாள். வாயெடுத்ததை விழுங்கிவிட்டு, செட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

பந்தியிலும் மாமியாரின் பேச்சு ஓயவில்லை. கறிக்குழம்பு வாளியோடு தங்கை என் இலைக்கு வந்தாள். இலையை மடிக்கப் போனேன்.

“மடிக்காதண்ணே” என்றாள் மெதுவாக. “நீ பாதியில எந்திரிச்சா அதுக்கும் என்னயத்தே பேசுவாக.”

இலையை விரித்து, அவள் ஊற்றிய குழம்பைப் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.