கையால் முறித்த குழைகள்

குழைக்கள்ளி என்ற பட்டம்தான் நாகேஸ்வரியின் காதில் முதலில் விழுந்தது. அன்னபாக்கியம் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஐம்பத்தேழாம் ஆண்டு, பொங்கல் கழிந்த கையோடு நாகேஸ்வரி கலியாணம் முடித்துப் பளையிலிருந்து வீரைமோட்டைக் கொலனிக்கு வந்திருந்தாள். வந்து மூன்றாம் நாள், பின்னேரம், தண்ணீர் அள்ளப் போன இடத்தில் பக்கத்து வளவு விமலேஸ்வரி கிணற்றுத் துலாக்கொடியைப் பிடித்தபடியே மோவாயால் காட்டினாள்.

"அங்கை பார், குழைக்கள்ளி இண்டைக்கும் பிள்ளையாரிட்டைக் களவெடுத்துக்கொண்டு போறா. எங்கடை அன்னபாக்கியம்!"

நாகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயது மதிக்கத்தக்க, நெட்டையான ஒரு பெண். கமக்கட்டில் ஒரு பிடி சுள்ளி. அவசரம் இல்லாத நடை.

"பிள்ளையாரிட்டைக் களவெடுக்க என்ன கிடக்கு?"

"குழை."

"ஆட்டுக்கோ?"

"ஆடு எங்கை அவவிட்டை? ஒரு மாடும் ஒரு வீரகத்தியும்தான் கிடக்கு."

வீரகத்தி என்பது அன்னபாக்கியத்தின் புருசன். விமலேஸ்வரி சிரித்த சிரிப்பில் ஓலைப் பட்டையில் அள்ளிய தண்ணீர் தளும்பி வழிந்தது. நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் புருசன் இளையதம்பியின் பெரியம்மாவின் மகள் ஒருத்தி வீரகத்தி என்பவரை முடித்து இந்தக் கொலனியிலேயே இருப்பதாகக் கலியாண வீட்டில் யாரோ சொன்ன ஞாபகம். அப்படியென்றால் இவர் தனக்கு மச்சாள் முறை. சொந்த மச்சாள் சாமியிடம் களவெடுக்கிறார் என்றால் ஏன், எதற்கு என்று அறியாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்தப் பிள்ளையார் ஒரு வெறும் கல். கொலனியின் தெற்கு விளிம்பில், காடு தொடங்குகிற இடத்தில், ஒரு வீரை மரத்தின் கீழே இருந்தார். அவரைத் தாண்டி ஓர் ஒற்றையடிப் பாதை ரயில் தண்டவாளத்தின் ஓரமாகவே மாங்குளம் ஸ்ரேசனுக்குப் போகும். ஆறு கட்டை தூரம்; ஒரு கட்டை ஒரு மைல். வழியெல்லாம் யானை. காட்டுக்குள் கால் வைக்கிறவர்கள் பக்கத்து மரத்தில் ஒரு சாண் குழை, இலையோடு ஒரு சிறு கொப்பு, முறித்து அவர் முன்னால் போட்டு, "பிள்ளையாரே, போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். தேங்காய் வேண்டாம், கற்பூரம் வேண்டாம். ஓர் ஆளுக்கு ஒரு குழை. வன்னியில் காட்டுவழிப் பிள்ளையாருக்கெல்லாம் அதுதான் வழக்கம்.

அடுத்த நாள் நாகேஸ்வரி விறகு பொறுக்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போனாள். அன்னபாக்கியம் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு குழையாக எடுத்தார். முறித்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிலதை இடப்பக்கம் போட்டார், சிலதை வலப்பக்கம். வலப்பக்கத்துக் குழைகளின் இலையை உருவிப் பிள்ளையாரின் காலடியிலேயே வைத்தார். வெறும் தடிகளை ஆத்தி நாரால் கட்டிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டார்.

"மச்சாள், உதென்ன செய்யிறியள்?"

அன்னபாக்கியம் திடுக்கிடவில்லை. "நீ இளையதம்பியின்ரை பெண்சாதி என்ன? வா, இரு. ஆக்களை எண்ணுறன்."

"ஆக்களையோ? இது தடியெல்லோ?"

"தடிதான். இண்டைக்கு ஆறு பேர் கோச்சிக்குப் போயிருக்கினம்."

கோச்சி என்றுதான் அப்போது எல்லோரும் ரயிலைச் சொல்வது. அந்தக் கோச்சி வீரைமோட்டையின் வேலியை உரசுகிற மாதிரி ஓடியது. ஆனால் நிற்காது. வடக்கே யாழ்ப்பாணப் பக்கம் போக வேண்டிய சனம் தெற்கே ஆறு கட்டை நடந்து மாங்குளத்தில் ஏறி, கால் மணித்தியாலத்தில் தங்கள் வீட்டையே யன்னலால் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பெரிய வீதி காட்டுக்கு அந்தப் பக்கம். அதில் வருகிற பஸ் நிறைந்தபடி வரும், கையைக் காட்டினாலும் நிற்காது.

அன்னபாக்கியம் பிறந்தது மிருசுவிலில். போன ஐப்பசியில் அங்கே தகப்பன் சாகக் கிடக்கிறார் என்று காலையில் ஆள் வந்து சொன்னது. அவர் உடுத்த சீலையோடு ஓடினார். நாலாம் கட்டையில் போகும்போதே கோச்சி எதிரே வந்துவிட்டது. தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். பெட்டிகள் அரைவாசி வெறுமையாகப் போயின. மறுநாள் போய்ச் சேர்ந்தபோது அங்கே சாம்பல்தான் இருந்தது.

"இப்ப அம்மா தனிய," என்றார் அன்னபாக்கியம். "கண் ரண்டும் தெரியாது. 'ஒருக்கா வந்து முகத்தைத் தடவ விடு பிள்ளை' எண்டு போறவாற ஆக்களிட்டையெல்லாம் சொல்லி விடுறா. மழையிலை இந்தப் பாதை முழங்கால் தண்ணி. அப்புவுக்கு நடந்தது அவவுக்கும் நடக்கக் கூடாது. கோச்சி இஞ்சை நிக்க வேணும்."

"அதுக்கு ஏன் தடி எண்ணுவான்?"

கதை அங்கேதான் இருந்தது. கோச்சியை நிற்பாட்டச் சொல்லிக் கொலனி ஆண்கள் ஏற்கெனவே ரயில் பகுதிக்கு ஒரு பெட்டிசம் எழுதிப் போட்டிருந்தார்கள். நாளொன்றுக்கு ஐந்நூறு பேர் ஏறுவோம் என்று அதில் எழுதியிருந்தது. கொலனியில் இருந்ததே நூற்றிருபது குடும்பம். மார்கழியில் பதில் வந்தது. கிராம அதிகாரியான விதானையார் அதை வாசித்துச் சொன்னார்: பயணிகள் எத்தனை பேர் என்பதை நம்பக்கூடிய விதமாகக் காட்டவும். ஆண்கள் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்கள், அதோடு சரி.

"நான் படிச்சது ரண்டாம் வகுப்பு. விடிஞ்சதிலையிருந்து பாதையிலை நிண்டு எழுத எனக்கு எழுத்தும் வராது, வயலும் விடாது. ஒரு நாள் இதாலை வரேக்கைதான் கண்டன். நான் என்னத்தை எண்ணுறது, பிள்ளையார் எண்ணிக்கொண்டெல்லோ இருக்கிறார்."

நாகேஸ்வரி இரண்டு பக்கக் குழைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "விறகுக்கும் தேனுக்கும் போறவையும் குழை போடுவினமே? அவை கோச்சிக்குப் போறேல்லையே?"

அன்னபாக்கியத்தின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல இடப்பக்கத்துக் குழை ஒன்றை எடுத்து நீட்டினார். "நுனியைப் பார்."

நுனி சீவினாற்போல வழவழவென்று இருந்தது.

"இப்ப இதைப் பார்." வலப்பக்கத்துக் குழையின் நுனி பிய்ந்து, பட்டை நாராகத் தொங்கியது.

"காட்டுக்குத் தொழிலுக்குப் போறவன்ரை கையிலை கத்தி இருக்கும். வெட்டிப் போடுவான். கோச்சிக்குப் போறவன் வெள்ளை வேட்டியோடை கத்தி கொண்டு போவானே? கையாலைதான் முறிப்பான்."

அன்று அவளும் குந்தியிருந்து நுனி பார்த்தாள். அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் அவளுடைய கால் வீரை மரத்தடிக்குத்தான் போகும். நாளுக்கு ஒரு கட்டு. அன்னபாக்கியத்தின் குசினிப் பரணில் பதினாறு கட்டுகள் வரிசையாக ஏறின. சில கட்டு விரல் தடிப்பு, சில கட்டு கை மொத்தம்.

பதினேழாம் நாள் நாகேஸ்வரி வாயை விட்டாள். குழைக்கள்ளி என்று விமலேஸ்வரி மறுபடியும் சொன்னதும் பொறுக்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிணற்றடியில் சொன்ன கதை அடுப்பு மூட்ட முன்னர் நூற்றிருபது வீட்டுக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் பின்னேரம் போய்ப் பார்த்தால் பிள்ளையாரைக் காணவில்லை. கல்லை மூடி ஒரு குழைக் குவியல். அத்தனையும் கையால் முறித்தது, முக்காலும் பூவரசு. காட்டில் ஏது பூவரசு? எல்லாம் வீட்டு வேலிகளிலிருந்து வந்தவை.

அன்னபாக்கியம் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். விமலேஸ்வரி பெருமையோடு வந்து நின்றாள்.

"எப்பிடி அன்னபாக்கியமக்கா? நான் மட்டும் இருபது போட்டனான். பேரப்பிள்ளையளுக்கும் சேத்து."

"உனக்கு எங்கையடி பேரப்பிள்ளை?"

"இனித்தான் பிறக்க வேணும்."

"உன்ரை மூத்தவனுக்கு இன்னும் பல்லு விழுந்து முளைக்கேல்லை!"

"பிள்ளையாருக்குக் கூடக் குழை போட்டால் பாவமே? உதவி செய்ததுக்கு உப்பிடியோ பேச்சு?"

அதுதான் சிக்கல். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சாமிக்குப் போடுகிற குழை கூடினால் புண்ணியம் கூடும், கணக்கும் கூடும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் பூவரசைப் பொறுக்கி வீசினாலும், ஒருவர் வேலியில் முறிக்காமல் காட்டிலேயே இரண்டாய் முறித்துப் போட்டிருந்தால் என்ன செய்வது? இடையில் ஒரு நாள் பொய் கலந்தால் மாதக் கணக்கையே ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றார் அன்னபாக்கியம். பதினாறு கட்டையும் பரணிலிருந்து இறக்கி அடுப்புக்குள் வைத்தார்.

"பதினாறு நாள் பயணியளிலை ஒரு பானை சோறு வெந்துபோச்சு," என்றார் வீரகத்தி. சொன்னவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கோப்பையோடு முற்றத்துக்குப் போய்விட்டார்.

நாகேஸ்வரியால் அந்தச் சோற்றை வாங்கிச் சாப்பிட முடியவில்லை. மிருசுவிலில் ஒரு குருட்டுக் கிழவி காத்திருக்கிறா. தன் வாயால் பதினாறு நாள் போய்விட்டது. விடிந்ததும் படலை படலையாக ஏறினாள். புதுப்பெண் என்று வெற்றிலை தந்தவர்களும் உண்டு, விசரி என்றவர்களும் உண்டு. எல்லா வீட்டிலும் அவள் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளையாரைப் பொய்ச்சாட்சி சொல்ல வையாதேங்கோ."

அந்தச் சொல் வேலை செய்தது. மாசி முதலாம் திகதியிலிருந்து அவரவர் போகும்போது ஒன்று, அவ்வளவுதான். அப்படியும் இரண்டு நாள் விமலேஸ்வரியின் ஆடு அவிழ்த்துக்கொண்டு போய்க் குழையைத் தடியோடு சப்பிவிட்டது. அந்த இரண்டு நாளுக்கும் அன்னபாக்கியம் வெறும் நாரை முடிச்சுப் போட்டுக் கட்டுகளுக்கு நடுவே வைத்தார். "ஏழோ எட்டோ கட்டி வையுங்கோ மச்சாள், ஆருக்குத் தெரியப்போகுது?" என்று நாகேஸ்வரி கேட்டதற்கு, "தெரியாததை எப்பிடிக் கட்டுறது?" என்றார்.

மாதம் முடிய எண்ணினார்கள். முந்நூற்றுப் பதினெட்டு. சராசரி பார்த்தால் நாளுக்குப் பதினொரு பேர்.

வீரகத்தி தலையில் கை வைத்தார். "பதினொரு பேருக்கு ஆர் கோச்சியை நிப்பாட்டுவான்? பேசாமல் இரு."

"இருக்கிறது அவ்வளவுதான். இருக்கிறதைத்தான் கொண்டு போகலாம்."

பங்குனியில் பெரிய அதிகாரி ஒருவர் மாங்குளம் ஸ்ரேசனைப் பார்க்க வருகிறார் என்று கதை வந்தது. அன்னபாக்கியமும் நாகேஸ்வரியும் கட்டுகளை ஓலைக் கடகத்தில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, வீரையடியில் ஆளுக்கொரு குழை முறித்துப் போட்டுவிட்டு நடந்தார்கள்.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கடகத்தைக் கண்டதும் சிரித்தார். "என்னம்மா, ஸ்ரேசனிலை சமைக்கப் போறியளோ?"

அன்னபாக்கியம் மேடைச் சீமெந்தில் முப்பதையும் நாள் முறையாக அடுக்கினார். அப்போதுதான் நாகேஸ்வரியே அதை முழுசாகக் கண்டாள். மெல்லிசு, மெல்லிசு, பிறகு ஒரு மொத்தம், ஒன்று விட்டு இன்னொரு மொத்தம், மறுபடியும் மெல்லிசு. நாலு கிழமையும் ஒரே மாதிரி.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. குனிந்தார். "இந்த மொத்தக் கட்டு என்ன நாள்?"

"புதன், ஐயா. கிளிநொச்சிச் சந்தை. அங்காலை கிடக்கிறது வெள்ளி. யாழ்ப்பாணம் போற ஆக்களும் வாத்திமாரும்."

"விறகுக்குப் போறவன் போட்ட குழையும் இதுக்குள்ளை இருக்குமே?"

அன்னபாக்கியம் ஒரு கட்டை அவிழ்த்து நுனிகளைக் காட்டினார். கத்தியின் கதையைச் சொன்னார். அதிகாரி ஒவ்வொரு தடியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நடுவே கிடந்த வெறும் நாரைத் தூக்கினார்.

"இதிலை ஒண்டுமில்லையே?"

"அண்டைக்கு ஆடு திண்டிட்டுது, ஐயா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிந்தபின் அந்த நாரைக் கீழே போடாமல் கையில் வைத்துக்கொண்டே ஸ்ரேசன் மாஸ்டரைப் பார்த்தார். "முந்தி இந்த இடத்திலையிருந்து ஐந்நூறு பேர் எண்டு ஒரு பெட்டிசம் வந்தது. நான்தான் திருப்பி அனுப்பினனான். இந்த மனிசி ஆடு திண்டதையும் கொண்டு வந்திருக்குது."

ஒவ்வொரு நாளும் நிற்பாட்ட முடியாது என்று நேராகவே சொன்னார். புதனும் வெள்ளியும் நிற்கும். விரைவுக் கோச்சி இல்லை, எல்லா இடமும் நின்று வருகிற கோச்சி. மண்ணை உயர்த்தி மேடை போடுவது கொலனிக்காரர் பாடு.

"இந்த ரண்டு நாளும் போதுமே அம்மா?"

"போதாது. ஆனால் இண்டைக்கு இது காணும்," என்றார் அன்னபாக்கியம்.

ஆவணி இரண்டாவது புதனில் வீரைமோட்டைத் தரிப்பில் முதற் கோச்சி நின்றது. அன்னபாக்கியம் ஏறினார். அன்று பிள்ளையாருக்குக் குழை முறிக்க அவர் மறந்துவிட்டார். இப்போது காட்டுவழி நடக்க வேண்டியதில்லையே. அதை நினைத்து யன்னலால் எட்டிக் கத்தினார், "நாகேஸ், எனக்கும் ஒண்டு முறிச்சுப் போடு!" நாகேஸ்வரி போய் ஒன்றே ஒன்று முறித்துப் போட்டாள்.

மூன்று வருடம், மாதம் இரண்டு புதன் தவறாமல் அவர் மிருசுவிலுக்குப் போய் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். தாய் செத்தது ஒரு சனிக்கிழமை, கோச்சி நிற்காத நாள். அந்தப் புதன் போன அன்னபாக்கியம், தாய்க்கு மூச்சு வாங்குகிறது என்று வெள்ளி திரும்பாமல் நின்றுவிட்டார். கிழவி மகளின் முகத்தைத் தடவிக்கொண்டுதான் போனா.

இப்போது அறுபத்தாறாம் ஆண்டு. அன்னபாக்கியம் வீரைமோட்டையில், தண்டவாளத்துக்குப் பக்கத்து அதே வளவில், வீரகத்தியோடு இருக்கிறார்.